அப்பாவின் திடீர்ச் சிக்கனம்

சுங்கை பெசார்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு.

அன்புள்ள பாப்பா கிளாரிஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இரண்டு பேரும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் கடல் தாண்டி அந்தக் கப்பிட் ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் போய் அம்மா கடுதாசி எழுதுகிறாளே என்று நினைக்காதே. உன் பள்ளிக்கூடத்தில் லைன் கிடைப்பதே அபூர்வம், கிடைக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், எந்த மூலைக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினாலும் அவர் காதுக்கு எட்டிவிடுகிறது. போனில் தமிழ் தட்ட எனக்கு வராது. அதனால்தான் இது. பதறாமல் கடைசிவரை படி, நடுவில் வைத்துவிட்டுப் போனைத் தேடி ஓடாதே.

விஷயம் அப்பாவைப் பற்றியது. நம் வீட்டில் சிக்கனம் யார் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். அரிசி கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது, தேய்ந்த சவர்க்காரத்தைப் புதுக் கட்டியோடு ஒட்டுவது, பற்பசைக் குழாயைக் கத்தரித்து வழித்தெடுப்பது, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை கட்டுகிற நேரம் பார்த்துப் போய் மிஞ்சின கீரையைப் பாதி விலைக்குக் கேட்பது, எல்லாம் என் வேலை. அப்பா அதற்கு நேரெதிர். தோட்டத்தில் லோரி ஓட்டின காலத்திலேயே சம்பள நாள் என்றால் ரம்புத்தான் கூடையோடு வந்து லயத்து வீடுகள் முழுக்கப் பங்கு வைப்பார். நான் முணுமுணுத்தால், நீ மிச்சம் புடிக்கிற தைரியத்துலதானே நான் செலவு பண்றேன் என்று சிரிப்பார். அப்படிப்பட்ட மனுஷன் போன கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து மாறிப்போனார். முதலில் பேப்பரை நிறுத்தினார், எல்லாம் போன்லயே வருது, எதுக்கு வீண் காசு என்றார். பிறகு டிவிக்குக் கட்டுகிற ஆஸ்ட்ரோவை வெட்டச் சொன்னார். பிறகு மோட்டார் சைக்கிளைத் துணி போட்டு மூடிவிட்டு, பெட்ரோல் விக்கிற வெலைக்கு நடந்தா ஒடம்புக்கும் நல்லதுலா என்றார். பாசார் மாலாமுக்கு என்னோடு வருவதில்லை. இருட்டினால் கரண்டு காசு ஏறுது என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். கோவிலில் பூசையின்போது பைபிள் வாசகம் வாசிப்பதைக்கூட விட்டுவிட்டார், அதில் என்ன காசு மிச்சம் என்று கேட்டேன், சின்னப் புள்ளைங்க வாசிக்கட்டும் என்று பேச்சை மாற்றினார்.

ஆரம்பத்தில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷம் நான் கத்தினது இப்போதாவது காதில் ஏறியதே என்று பக்கத்து வீட்டு விஜயராணியிடம் வேலியோரம் நின்று நானே பீற்றிக்கொண்டேன். அப்புறம்தான் உறுத்த ஆரம்பித்தது. காசு மிச்சம் பிடிக்கிறவள் நான், எனக்குத் தெரியும், மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எதில் எவ்வளவு மிஞ்சியது என்று அப்பா ஒருநாள்கூடச் சொல்லவில்லை. நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போகிறாரோ என்று பார்த்தேன். உன்மேலும் சந்தேகப்பட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மாற்றல் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, உண்மையிலேயே விட்டுவிட்டு எங்களிடம் மறைக்கிறாயோ, அப்பா எனக்குத் தெரியாமல் உனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் குளிக்கும்போது பர்ஸை எடுத்துப் பார்த்தேன். காசு அப்படியே கிடக்கிறது, ஆனால் ஒவ்வொரு நோட்டும் ஒவ்வொரு மாதிரி மடித்திருக்கிறது, பத்து வெள்ளி நோட்டு நீளவாக்கில், ஐந்து வெள்ளி நோட்டு முனை மட்டும், ஐம்பது வெள்ளி சின்னக் கட்டமாக. எனக்குப் பயமாகிவிட்டது, இது ஏதோ மந்திரக்காரன் சொல்லிக்கொடுத்த வேலை என்றே நினைத்தேன்.

விஜயராணியிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. அக்கா, ஆம்பள திடீர்னு சிக்கனமா ஆனா ரெண்டே காரணந்தான், ஒண்ணு கடன், இல்லன்னா பொம்பள, ஒங்க வாசல்ல கடன்காரன் யாரும் வந்து நிக்கலலா என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அப்பா சாயங்காலமானால் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, சும்மா நடக்க என்று எங்கேயோ போய்வருவார், என்னைக் கூப்பிடவே மாட்டார். இந்த வயசில் யாராக இருக்கும் என்று கோவிலுக்கு வருகிற ஒவ்வொருத்தியையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தேன், ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும்.

போன வாரம் பின்னாலேயே போய்விடுவது என்று முடிவு செய்தேன். சண்டைக்குப் போவதென்றாலும் மரியாதையாகப் போகவேண்டும் என்று மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டேன். அவர் முன்னால், நான் கொஞ்சம் தள்ளி. அப்பா வேலியோரமாகவே போனார், ஒவ்வொரு வீட்டுக் கேட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார், இது என்ன பழக்கம் என்று நினைத்தேன். பெரிய ரோட்டுக்கு வந்ததும் நின்றார். லோரி ஒன்று போனது, அப்புறம் ரோடு காலியாகத்தான் கிடந்தது, அப்போதும் அவர் கடக்கவில்லை. சாமான் பையோடு ஒரு மலாய்க்காரப் பெண் வந்து கடந்தாள், அப்பா அவள் காலடிச் சத்தத்தை ஒட்டினாற்போலக் கடந்தார். ஓகோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். ஆனால் அந்தப் பெண் ஒரு பக்கம் போனாள், அப்பா நேராகக் கோவில் கேட் வரைக்கும் போய், கம்பியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் அப்படியே திரும்பிவிட்டார். எனக்கு ஒளிய இடமில்லை. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் ரோடு. நேராக என்னைப் பார்த்துத்தான் வந்தார், கை நீட்டினால் தொடுகிற தூரம், அகப்பட்டுக்கொண்டேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள், மாஃப் மாக்சிக் என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போய்விட்டார். பாப்பா, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு எதிரே நிற்கிற என்னை அவருக்குத் தெரியவில்லை. யாரோ மலாய்க்கார அம்மா என்று நினைத்துவிட்டார்.

வீடு வரைக்கும் நான் கூப்பிடவில்லை. அவருக்குப் பின்னாலேயே லோரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் வந்ததும், வழியில் என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நீ வீட்லதானே இருந்தே என்றார். கோவில் வாசலில் எனக்கு ஒதுங்கி வழிவிட்டீர்களே என்றேன். நாற்காலியைத் தடவி உட்கார்ந்துவிட்டார். ஒரே பொக மூட்டமா இருக்கு மாடில்டா, காலையில பரவால்ல, வெயில் எறங்கிட்டா எல்லாம் நெழல்தான் என்றார். பேப்பர் எழுத்து தெரியவில்லை, டிவியில் முகம் தெரியவில்லை, மோட்டாரில் ஒருநாள் வாய்க்காலில் விழப்பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றையும் காசு மிச்சம் என்று சொல்லி நிறுத்திவிட்டார், ஏனென்றால் அந்த ஒரு காரணத்தைச் சொன்னால் நான் கேள்வி கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு கடையில் பத்து என்று நினைத்து ஐம்பது வெள்ளியை நீட்டியிருக்கிறார், கடைக்காரன் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டானாம், அன்றிலிருந்துதான் நோட்டை விரலுக்குத் தெரிகிற மாதிரி மடித்து வைக்கிறார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னா நீ பாப்பாகிட்ட சொல்லுவே, அவ அன்னைக்கே வேலைய விட்டுட்டு வந்து நிப்பா, கண்ணு முழுசா போறதுக்குள்ள கோயிலுக்குப் போற வழிய காலுக்குப் பழக்கி வச்சுக்கலாம்னு பாத்தேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அடிக்கவா, அழவா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை, காப்பி போட்டுக் கையில் பிடித்துக் கொடுத்தேன்.

மறுநாளே விஜயராணி புருஷன் காரில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரையாம், சர்க்கரையும் கொஞ்சம் கெடுத்திருக்கிறதாம். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆப்பரேஷன், அது ஆறின பிறகு இடது கண். பெரும்பாலும் பார்வை திரும்பும், முழுசாக என்று சத்தியம் செய்ய முடியாது என்றார் டாக்டர். ரொம்பச் சின்ன வயசு டாக்டர், அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று எனக்கு இன்னும் யோசனைதான்.

இப்போது உன் விஷயம். போன தடவை வீடியோவில் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, ஷாம்பு காசு மிச்சம்மா என்றாய், அப்பாவும் ரொம்ப அழகா இருக்கு என்றார், அவர் எதைப் பார்த்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. முடி கொட்டுகிறதா, உடம்புக்கு ஏதாவதா, உண்மையை எழுது. இனிமேல் இந்தக் குடும்பத்தில் யார் சிக்கனம் என்றாலும் நான் காரணம் கேட்பேன். அங்கே சாமான் விலை அதிகம் என்று பொட்டல மீ நூடுல்ஸைத் தின்று நாளை ஓட்டாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, படகில் போகும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். என்ன எழுதுறே என்று கேட்டார், சாமான் லிஸ்ட் என்றேன். பேனா ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, லிஸ்ட்டுக்கு இவ்ளோ நேரமா பேனா ஓடாதுலா, எழுதினது எழுதிட்டே, அவ வேலைய விட்டு வரக்கூடாதுன்னும் எழுதிடு, பள்ளி லீவுக்கு வந்தா போதும், அப்ப அவ மொகத்த நானே பாத்துக்குவேன் என்கிறார். எழுதிவிட்டேன். முடிவு உன் கையில், ஆனால் அவசரப்படாதே.

ஆண்டவர் உன்னைப் போகிற வழியெல்லாம் காப்பாராக, மாதா உன் பக்கத்திலேயே இருப்பாளாக. இது கிடைத்ததும் லைன் கிடைக்கிற இடத்துக்குப் போய்க் கூப்பிடு, அப்பாவிடம் முதலில் பேசு, அழாதே.

அப்பா தானும் கையெழுத்துப் போடுவேன் என்று நிற்கிறார். இடத்தைக் காட்ட அவர் விரலைப் பிடித்து வைத்திருக்கிறேன். கோணலாக மேலே ஏறிக் கிடந்தாலும் அது அவர் போட்டதுதான், சந்தேகப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா மாடில்டா

மத்தியாஸ்