ரே கழற்றித் தந்த சப்பாத்து

புதன், 12 நவம்பர். ஸ்டுட்கார்ட்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்து ரே, இளமையில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிப் பிழைத்தவர். ஜெர்மன்காரியைக் கட்டி, இங்கேயே தங்கி, அவளைப் புதைத்தும்விட்டார். இப்போது மறதி நோய். என்னைத் தன் கோச் என்றே நினைக்கிறார். மாலை மாத்திரைக்கு முன் தினமும், "நாளைக்கு நான் ஆடுறனா, கோச்?" என்பார். "ஓம், ஆடுறீங்கள்" என்றால் விழுங்கிவிடுவார்.

இன்று அதையே கேட்டுக் கேட்டு மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இல்லை. டீமில இருந்து உங்களைத் தூக்கியாச்சு."

அவர் சண்டை பிடிக்கவில்லை. குனிந்து காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். அந்தக் காலத்தில் நீக்கப்பட்டவன் டீம் கொடுத்த சாமான்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். அவரே முன்பு சொன்னது.

கூட வேலை செய்யும் சுகந்தி அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம் எண்டு சொன்னா உனக்கு என்ன குறைஞ்சு போகும், தம்பி?"

"பகிடிக்குச் சொன்னனான், ரே. நாளைக்கு நீங்கள் ஆடுறீங்கள்."

நம்பவில்லை. என் தோளில் தட்டினார். "பரவாயில்லை, கோச். வீட்டில என்ர மனுசிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நானே சொல்லுறன்."

சப்பாத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் போட்டுக்கொள்வாரோ தெரியாது.