தேத்தூள் புகுந்த மவுஸ்

எழுதத் தொடங்குமுன், அலுவலகப் பழக்கம் விடாததால், ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டேன்:

1. மவுஸ் ஏன் தேத்தூள் டின்னுக்குள் இருந்தது.
2. அது உயிர் பெறாதபோது நான் செய்தவை, வரிசைப்படி.
3. நீங்கள் செய்தது.
4. நீங்கள் எதற்கும் பயப்படாதவர் என்பது.

இன்று காலை பதுளையில், என் சமையலறையில், புதுத் தேயிலைப் பொட்டலத்தை வெட்டும்போது கை தவறிப் பாதி மேசையில் கொட்டிவிட்டது. மூன்று கிழமைக்கு முன் நீங்கள் இறந்துபோன செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கொட்டிய தூளைக் கூட்டி அள்ளியபோது அந்த வாசனையில் வந்தது. இது என்ன தரத் தூள், எந்த மாதம் சலித்தது என்று முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்தவன். நீங்கள் அதே தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், சலிக்கும் அறையில் முப்பது வருடம் வேலை செய்தவர். இருபது வருடம் ஒரே தோட்டத்தில் இருந்தும், அந்த ஒரு நாளைத் தவிர, நாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றே பேசியிருக்கிறோம். தொழிலாளர்கள் அலுவலகத்துக்குள் வருவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். அந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை. ஆனால் மாற்றவும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடையாள அட்டை இல்லாதவர்களிடம் விண்ணப்பம் எடுக்க அதிகாரிகள் ஒரு நாள் மட்டும் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். பிள்ளைக் காம்பராவில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில், மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டம் அச்சிட்ட பெயர்ப் பட்டியல் ஒன்று கொடுக்க வேண்டும். கையால் எழுதியதை ஏற்கமாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், திரும்ப எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பட்டியலில் முப்பத்தேழாவது உங்கள் பெயர். முப்பத்தெட்டாவது உங்கள் மகளின் பெயர். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த அவளை, அட்டை இல்லை என்று சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அட்டையோடு வந்தால்தான் இனி வேலை என்று வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார். அன்று அவள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

இனி முதலாவது குறிப்பு. அந்தப் பக்கத்து மூடுபனி, ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்துவிடும். முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டும், கடித உறைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். எனக்கு முன்பிருந்த கிளாக்கர்மார் ஈரம் படக்கூடாத பொருட்களைத் தேத்தூள் டின்னில் புதைத்து வைப்பார்கள். உலர்ந்த தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நானும் என் கைக்கடிகாரத்தை அப்படித்தான் வைத்தேன். வயரில்லாத மவுஸைத் தோட்டத்து நிர்வாகியான துரை கொண்டுவந்து தந்தபோது, பழைய வயர் மவுஸை அவர் பங்களாவுக்கு எடுத்துப்போய்விட்டார், இதையும் அந்த டின்னிலேயே வைத்தேன். கடதாசியில் சுற்றித்தான் வைத்தேன். சுற்றியதாகத்தான் நினைக்கிறேன்.

இரண்டாவது. அன்று காலை மவுஸை எடுத்து மேசையில் வைத்தேன். அடியிலிருக்கும் சிவப்பு வெளிச்சம் வரவில்லை. (அ) பற்றரிகளைக் கழற்றித் திரும்பப் போட்டேன். (ஆ) கூட்டலும் கழித்தலும் சரியான பக்கம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். (இ) ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்துப் பற்றரியும் புதுப் பற்றரியும் போட்டேன். (ஈ) அடியிலிருந்த ஆளியை, அந்தச் சிறு சுவிட்சை, இருபது தடவை தள்ளினேன். (உ) கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டேன். வெளிச்சம் வரவில்லை. மவுஸ் இல்லாமல் அச்சிட எனக்குத் தெரியாது. என் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியும் 'இங்கே அமத்து, அங்கே அமத்து' என்றுதான் இருந்தது. துரை கொழும்பில். பங்களா பூட்டு. பதினொரு மணி ஆகப்போகிறது. அதிகாரிகளிடம் போய்ப் பட்டியல் ஆயத்தமில்லை என்று சொல்லிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் சொல்லிவிட்டால் என் பொறுப்பு தீர்ந்துவிடும்.

மூன்றாவது. அப்போது ஜன்னலில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

"ஐயா, லிஸ்ட் ஆச்சுங்களா? அங்க வரிசை லயத்து வீடுங்க வரைக்கும் நிக்குது."

"இல்லை அம்மா. இது வேலை செய்யுதில்லை. என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"எது, அந்த ஆமையா? குடுங்க பாப்போம்."

ஏன் கொடுத்தேன் என்று இன்றும் விளங்கவில்லை. கொடுத்தேன். நீங்கள் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனீர்கள்.

"இது தேத்தூள் டின்ல கெடந்துச்சுங்களா?"

"அது... ஈரம் படாமல் இருக்கட்டும் எண்டு..."

"டஸ்ட்டுத் தூளுங்க இது. போன மாசக் கடைசியில சலிச்சது. ஒரு வாரம் அடுப்புக்குப் பச்ச வெறகு போட்டு எரிச்சாங்கல்ல, அந்தப் பொக வாட இன்னும் போகல." பிறகு சிரித்தீர்கள். "டஸ்ட்டு எங்க கண்ணுக்குள்ளயே பூந்துரும். இதுக்குள்ள பூறாதுங்களா?"

அந்தத் தூளை நான் வாங்கியது போன மாதக் கடைசியில்தான்.

"ஸ்டோருக்கு வாங்க ஐயா. அந்த அடிமட்டத்தையும் எடுத்துக்குங்க."

கோடு போடும் பிளாஸ்டிக் அடிமட்டம் எதற்கு என்று கேட்கவும் தோன்றாமல் உங்கள் பின்னால் வந்தேன். சலிக்கும் அறைக்கு நான் போய்ப் பத்து வருடம் இருக்கும். அங்கே உங்கள் சிநேகிதி ஒருத்தி தலைத்துணியோடு நிமிர்ந்து, "ஆத்தாடி, கிளாக்கரையாவா! வழி தவறிட்டீங்களா?" என்றாள். நீங்கள் அவளைக் கவனிக்கவில்லை. மவுஸின் மூடியைக் கழற்றிக் கடதாசிமேல் தட்டினீர்கள். கொஞ்சம் தூள் விழுந்தது. மிச்சம் ஈரத்தில் அப்பிக்கிடந்தது. ட்ரையருக்குப் பக்கத்துப் பலகையில், கை பொறுக்கும் சூட்டில், அதை வைத்தீர்கள்.

"நேரம் போகுது அம்மா."

"பொறுங்க ஐயா. காயாம தூள் கெளம்பாது."

பத்து நிமிடம் கழித்து, "அடிமட்டத்த உங்க ஸ்வெட்டர்ல தேய்ங்க. நல்லா. கோவமா தேய்ங்க," என்றீர்கள். சிநேகிதி சிரித்தாள். "ஐயாவுக்குக் கோவம் வருமாடி?" நான் தேய்த்தேன். நீங்கள் அதை வாங்கி மவுஸின் திறந்த வயிற்றுக்கு மேலே பிடித்தீர்கள்.

தூள் துள்ளி எழுந்தது. ஒவ்வொன்றாக, பிறகு கூட்டமாக, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளிலிருந்தெல்லாம் கிளம்பி அடிமட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த அறையில் தேயிலையிலிருந்து நாரைப் பிரிக்கும் உருளைகள் இப்படித்தான் உரசி இழுக்கின்றன என்று காட்டினீர்கள். நிலைமின்சாரம் என்று கண்ணாடிக் கோலையும் பட்டுத் துணியையும் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். எழுதிய எதையும் அன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

பற்றரியைப் போட்டோம். வெளிச்சம் வரவில்லை.

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். நீங்கள் மவுஸை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து, "இந்தத் தகட்டுல பச்ச பூத்திருக்குங்க," என்றீர்கள். பற்றரி தொடும், நகத்தின் கால்வாசிகூட இல்லாத தகடு. உடைந்தால் எல்லாம் முடிந்தது. சேலையிலிருந்த ஊசியைக் கழற்றினீர்கள். "ஐயா நீங்க பிடிங்க. நான் சொரண்டுறேன்." மூச்சை அடக்கிக்கொண்டு, பச்சை போய்ச் செம்பு மின்னும்வரை சுரண்டினீர்கள். பிறகு நீங்களே பற்றரியைப் போட்டு ஆளியைத் தள்ளினீர்கள்.

உங்கள் உள்ளங்கை சிவந்து ஒளிர்ந்தது.

"ஐயா," என்றீர்கள் மெதுவாக. "என் ரத்தம் தெரியுற மாதிரி இருக்குங்க."

அலுவலகத்துக்கு ஓடினோம். நீங்கள் பழக்கப்படி ஜன்னலுக்குப் போனீர்கள். "உள்ளை வாங்கோ அம்மா," என்றேன். "வேணாங்க, இங்கயே நிக்கிறேன்." "வாங்கோ," என்று திரும்பச் சொன்னேன். வந்தீர்கள். தாள் வெளியே வர வர, முப்பத்தெட்டாவது வரியில் விரலை வைத்து, "இது எம் மகதானே?" என்று கேட்டீர்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பட்டியலைக் கொடுத்தேன். சில மாதங்களில் அவளுக்கு அட்டை வந்தது. உங்களுக்கும் வந்தது.

அன்று நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. "டின் விசயத்தை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ," என்றுதான் சொன்னேன். நீங்கள் சிரித்து, "சொல்ல மாட்டேங்க. ஆனா அந்தத் தூள்ல தேத்தண்ணி ஊத்திடாதீங்க," என்றீர்கள். கடைசிவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான்காவது குறிப்புக்கு வந்தேன். இத்தனை வருடமும் உங்களை நினைக்கும்போதெல்லாம், என்னிடம் இல்லாத ஒன்று, பயமில்லாத மனம், உங்களிடம் இருந்தது என்றே நினைத்தேன். அதைத்தான் எழுத வந்தேன். எழுதிக்கொண்டு வரும்போது, வெளிச்சம் வந்த பிறகு நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நீங்கள் ஊசியைத் திரும்பச் சேலையில் குத்தப் பார்த்தீர்கள். முடியவில்லை. மூன்று தடவை தவறியது. உங்கள் சிநேகிதிதான் வந்து குத்திவிட்டாள். "என்னடி, கை இப்படி ஆடுது?" என்று கேட்டாள். நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மவுஸை என்னைப் பிடிக்கச் சொன்னதை மரியாதை என்று நினைத்திருந்தேன். நீங்களே பிடித்திருந்தால் உங்கள் கையில் அது ஆடியிருக்கும். நூற்றுச் சொச்சம் பேரும் உங்கள் மகளும் அந்த ஊசி முனையில் நின்றது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. பயந்துகொண்டேதான் சுரண்டியிருக்கிறீர்கள். சுரண்டி முடியும்வரை அந்த நடுக்கத்தை எங்கே வைத்திருந்தீர்களோ, எனக்குத் தெரியாது. இந்த வயதில், ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடவும் தயங்கும் நான், இனி அதை நினைத்துக்கொள்வேன்.

நான்காவது குறிப்பு பிழை, அம்மா.