பதிவு செய்ய வேண்டிய சொற்கள்

நவம்பர் 9
விடியவே மழை. மான்கள் மதிலுக்குள் வந்து செவ்வரத்தைச் செடியை மொட்டையாக்கிவிட்டன.

ஆஸ்பத்திரி. குரல்வளையை முழுதாக எடுக்கத்தான் வேண்டுமாம், புற்று இரண்டு பக்கமும் பரவிவிட்டது. 19ஆம் தேதி கொழும்பில் ஒப்பரேஷன். பேச்சுச் சிகிச்சை தரும் பிள்ளை கிண்ணியா ஊர்க்காரி. படம் கீறிக் காட்டினாள். நெஞ்சிலிருந்து வரும் காற்று. தொண்டையில் சின்னதாய் இரண்டு மடிப்புகள். அவை அதிர்ந்து சத்தம் வர, நாக்கும் உதடும் அதைச் சொல்லாக்குகின்றன. இனிக் காற்று கழுத்துத் துளையால் போய் வரும்.

"நாக்கு, உதடு எல்லாம் அப்படியே இருக்கும் ஐயா. சத்தம்தான் இருக்காது. பிறகு கழுத்துல வச்சுக் கதைக்கிற மெஷின் பழக்குவம். அதுக்கு முந்தி உங்கட குரல்ல தேவையான சொல்லெல்லாம் போன்ல பதிஞ்சு வைங்க. வீட்டாக்கள்ற பேரையும்."

இருபத்தாறு வருடம் துறைமுக ரேடியோவில் கப்பல்களோடு கதைத்தவன். முகம் தெரியாத கப்டன்மாருக்கும் என் குரல் தெரியும். பயமாக இருக்கிறது. அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

நவ. 11
பதிந்தவை: தண்ணீர். நோகுது. ஃபானைப் போடு. கதவைத் திற. ஓம். ஏலாது. தேத்தண்ணிக்குச் சீனி காணாது.

ஒரே கரகரப்பு. "ஏலாது" மட்டும் நன்றாக வந்தது.

வீட்டாரின் பெயர் மிச்சம். வீட்டார் என்றால் அவள் ஒருத்திதான். பரமேஸ்வரி. கல்யாணம் முடித்து முப்பத்தொரு வருடம், ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் "இஞ்சேரும்". அவளுக்கு நான் "இஞ்சேருங்கோ".

நவ. 12
மழை இல்லை. பின்னேரம் துணிந்து, போனைப் பிடித்துக்கொண்டு, குசினிப் பக்கம் பார்த்து "பரமேஸ்வரி" என்றேன்.

ஏதோ விழுந்த சத்தம். ஓடி வந்தாள், கையெல்லாம் திருவிய தேங்காய்ப்பூ. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"என்ன, டொக்டர் வேற ஏதும் சொன்னவரோ? எனக்கு மறைக்கிறியளோ?"

பதிவுக்கு என்றேன். நம்பவில்லை. கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உப்பிடிப் பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ. கடைசியாக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு."

பிழை என்னுடையது. அழித்துவிட்டேன்.

நவ. 14
சரி, "இஞ்சேரும்" என்றே பதிவோம். பக்கத்தில் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது என்று கிண்ணியாப் பிள்ளை கண்டிப்பு.

ஒன்று: "இஞ்சேரும்." குசினியிலிருந்து "ஓம், வாறன்."
இரண்டு: கப்பல் ஊதியது.
மூன்று: மறுபடியும் "ஓம், வாறன்."

"பதியிறன், பதில் சொல்லாதையும்."

"கூப்பிட்டா வாய் தானா வருது. நான் என்ன செய்ய?"

நாலாவதற்கு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சுத்தமாக வந்தது. போட்டுக் கேட்டேன். ஆளில்லாத வீட்டில் கூப்பிட்டதுபோல் இருந்தது. அதை அழித்தேன். மூன்றாவதை வைத்துக்கொண்டேன். பிள்ளை ஏசினால் ஏசட்டும்.

நவ. 18
கொழும்பு, வார்ட். நாளை காலை. கையெழுத்து வைத்தாயிற்று.

இன்றைக்கு அவளோடு நிறையக் கதைக்க நினைத்திருந்தேன். பஸ் பிந்தியது, வீட்டுச் சாவி யாரிடம், அவள் தங்கும் வீட்டில் தண்ணீர் வருகிறதா. இவைதான் கதைத்தோம். நேரம் முடிந்துவிட்டது என்று நேர்ஸ் வந்து சொன்னாள்.

"வாறன்" என்றாள்.

"ஓம்" என்றேன். அவ்வளவுதான்.

நவ. 24
எழுத முடிகிறது. கழுத்தில் துளை, மூக்கில் குழாய்.

பார்வையாளர் நேரம். அவள் ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று துவாயை மடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை. உதடு அசைந்தது, அவ்வளவே. போனை எடுத்துப் பதிவை அமத்தினேன்.

"இஞ்சேரும்."

போனுக்குள் இருப்பவள் "ஓம், வாறன்" என்று சொல்லி முடிக்கு முன்னமே இவள் கட்டிலடியில் நின்றாள்.

எனக்கு அழுகை. சத்தம் வரவில்லை. அழுவதற்கும் அந்த மடிப்புகள் வேண்டும்போல.

"இன்னொருக்கா அமத்துங்கோ" என்றாள்.