பாய் திருப்பிக் கொடுத்த மூட்டை

நவம்பர் 12, வியாழன்

ஒண்டிக்கடைச் சந்திப்பில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் இன்று ஒரு துணிமூட்டையை என் கையில் கொடுத்தார். "கடையைக் காலி பண்ணிட்டு சேலத்துக்கே போறோமுங்கம்மா. இதுல ஆண்டவன் பேரு இருக்குதுங்களே, பொட்டலம் மடிக்க மனசு வரலீங்க. நொம்பப் பத்திரமா வெச்சிருந்தேனுங்க, நீங்களே எடுத்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். இந்த மலைக்கு வந்த நாள் முதல் நானும் என் கணவரும் அவருக்குக் கொடுத்த சுவிசேஷப் புத்தகங்கள் அத்தனையும் இருந்தன. ஒன்றையும் திறந்த அடையாளமே இல்லை. எங்கள் அலமாரியில் கரையான் அரித்த புத்தகக் கட்டுகளைவிடச் சுத்தமாக இருந்தன. ஒருமுறையாவது வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த ஊழியத்துக்காகத்தான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தோம். என் கணவருக்கு இப்போது நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சாப்பிடும்போது கேட்டார்: "பாய்க்குப் புதுப் புத்தகம் குடுத்தாச்சோ?"

"ஓம், குடுத்தாச்சு" என்றேன்.

"அந்த மனுசன் ஒருநாளும் வேண்டாமெண்டு சொன்னதில்லை" என்று சிரித்தார்.

மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அதற்கு மேலேதான் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.