உள்ளே நெளிகிறது

9 பிப்ரவரி 1937, செவ்வாய்

மிஷன் ஆஸ்பத்திரியில் கடைசிக் கட்டில் எனக்கு. பக்கத்துக் கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பிள்ளை செத்துப் பிறந்தபோது உள்ளே கிழிந்தது. மலம் பிறப்புவழியாக ஒழுகுகிறது. என் நாற்றம் எனக்கே குமட்டுகிறது, அவர்களைச் சொல்லி என்ன? முன்பு இரண்டு தடவை தைத்தும் பிரிந்துவிட்டது. இந்தத் தடவையும் பிரிந்தால் வீட்டுக்கு வரவேண்டாம் என்று என் வீட்டுக்காரர் காசிமாயன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டார். நல்ல புருசன்!

12 பிப்ரவரி

நர்ஸ் பாக்கியம் அக்கா விளக்கினாள். உள்தொடைச் சதையின் ஒரு முனையை மட்டும் அறுத்து, தோலுக்கடியில் இழுத்து, மலவழிக்கும் பிறப்புவழிக்கும் நடுவே வைத்துத் தைப்பார்களாம். "மறுமுனை தொடையிலயே இருக்கும், உசுரோட."

உசுரோடவா?

15 பிப்ரவரி

முடிந்தது. முழங்கால் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருக்கிறார்கள். மலம் இறங்காமலிருக்கக் கஞ்சித்தண்ணியும் அபின் மருந்தும்தான்.

19 பிப்ரவரி

கால் தானாகச் சுண்டியது — உள்ளே எதுவோ நெளிந்தது. பிள்ளை முதன்முதலாக அசைந்த மாதிரியே. அபின் மயக்கமா? பிள்ளையைப் புதைத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லையே.

20 பிப்ரவரி

துணைக்கு வந்திருக்கும் மாமியாரிடம் அதைச் சொல்லித் தொலைத்தேன். அடிவயிற்றில் கையை வைத்தாள். முகம் செத்துவிட்டது. "ஏத்தா, ரெட்டையா இருந்திருக்கும்டி. இன்னொண்ணு வழி தேடுது."

பசுமலை மிஷன் பள்ளியில் படித்தவள்தான் நான். ஆனாலும் மயிர் சிலிர்த்தது.

பிரசவ வலி கண்டால் எங்கள் ஊரில் வீட்டிலுள்ள முடிச்சையெல்லாம் அவிழ்ப்பார்கள், பிள்ளை தங்காமல் வரணும் என்று. நான் கண்ணசந்த நேரம் அத்தை என் கொண்டையை அவிழ்த்து, கால்கட்டையும் அவிழ்த்து, முழங்காலை விரித்துப் பிடித்திருக்கிறாள். "வா சாமி, வெளிய வா" என்ற முனகல் கேட்டுத்தான் விழித்தேன். உள்ளே சுரீரென்று இழுத்தது. பாக்கியம் அக்கா ஓடிவந்து அவளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு!

21 பிப்ரவரி

மலம் கசிந்திருக்குமோ என்று துணியைப் பார்க்கப் பயமாயிருக்கிறது.

1 மார்ச், திங்கள்

டாக்டரம்மா பின்வழியாக நீலத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தார். முன்வழியில் வைத்த துணி வெள்ளையாகவே வந்தது. தையல் பிடித்துவிட்டது! பாக்கியம் அக்கா அழுதாள். நான் "இன்னும் அசையுதேக்கா" என்றேன்.

"அந்தச் சதை இன்னும் தொடையில இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு. பழகிரும் போ."

14 மார்ச், ஞாயிறு

அலங்காநல்லூர் பஸ். என் வீட்டுக்காரர்தான் கூட்டிப்போக வந்தார். கூட்டத்தில் ஒருத்தி என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. "செத்த நேரம் வச்சுக்கக்கா" என்று தன் கைப்பிள்ளையை என் மடியில் வைத்தாள். அழுகையை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

பிள்ளை நழுவாமலிருக்க முழங்கால்களைச் சேர்த்து இறுக்கினேன். உள்ளே நெளிந்தது.

சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தி, குனிந்து, என் வயிற்றைப் பார்த்தது.