அம்மா பெயரில் ஒரு படுக்கை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நலம். என் இருமலைப் பற்றிக் கேட்காதே, அது பாட்டுக்கு இருக்கிறது. கொடியில் காயப்போட்ட வாடிக்கைக்காரர் விரிப்பெல்லாம் ஆலைப் புகையில் மத்தியானத்துக்குள் கறுத்துவிடுகிறது. ஒரே துணியை இரண்டு தடவை துவைக்கிறேன்.

திங்களன்று பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. மருத்துவமனையில், "காப்பீட்டு அட்டை இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். உன் காப்பீட்டு ஆபீஸில் நீ எனக்கு எடுத்துத் தந்தது பையில் இருந்தது. நீட்டிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியை இரவல் கொடுப்பதில்லையா, அந்த மாதிரிதான். பிழைத்துக்கொண்டாள். திட்டாதே.

அம்மா

மார்ச் 11

அம்மா,

திட்டத்தான் போகிறேன். அந்தக் கோப்பு என் மேசைக்கே வந்தது. உன் பெயரைப் பார்த்ததும் பிரித்தேன். உள்ளே பார்த்தால், "இளைய குழந்தைக்கு மூன்று வயது" என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியாமல் தம்பி எப்போது பிறந்தான்?

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. மேலாளரிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் அட்டை ரத்து. மருத்துவச் செலவு என் சம்பளத்தில் பிடித்தம். என் வேலை இருக்குமா என்று இருபதாம் தேதி சொல்வார்கள். அந்த இருமலோடு உன்னை நிராதரவாக விட்டுவிட்டேனே அம்மா.

"புகை விடுற முதலாளிக்கு அட்டை இருக்கு, அதைக் குடிக்கிற தெருவுக்கு ஏன் சார் இல்ல?" என்று மேலாளரிடம் கேட்டேன். நம் தெரு ஆபத்துப் பகுதியாம், கட்டணம் இரட்டிப்பாம்.

உன் மகள்

மார்ச் 16

என் தங்கமே,

"பொய்க்குக் கையெழுத்துப் போடாத பொண்ணைப் பெத்திருக்கேன்" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. நான் செய்தது தப்புதான். ஆனால் நாளைக்கே அந்த வாசலில் நின்றாலும் நீட்டுவேன், கோபித்துக்கொள்.

தையல்காரி அழுது தீர்த்தாள். பிறகு, "படுக்கையில் இருந்தது நான்" என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். அதற்குக் கீழே ஐம்பத்திரண்டு வீட்டார் கையெழுத்து. தெருவுக்கே ஒரு காப்பீடு வேண்டும், கட்டணத்தை ஆலை கட்ட வேண்டும். அந்தக் கோரிக்கைத் தாளோடு ஒரு வெள்ளை விரிப்பும் வருகிறது. ஒரே ஒரு நாள் கொடியில் கிடந்தது, உதறக்கூட இல்லை. உன் மேலாளர் மேசையில் விரித்துப் போடு.

பெருமையோடு,
அம்மா

மார்ச் 21

அம்மா,

விரித்துப் போட்டேன். மேலாளர் தொட்டுப் பார்த்துவிட்டு விரலைத் துடைக்கக் கைக்குட்டை தேடினார். கோரிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். என்னையும் அனுப்பிவிட்டார்.

அழவில்லை. நிமிர்ந்துதான் வெளியே வந்தேன். நாளை வண்டி ஏறுகிறேன். முதலில் உன் இருமலுக்கு மருத்துவர், அப்புறம் ஆலை வாசல், ஐம்பத்திரண்டு வீட்டாரோடும்.

விரிப்பைத் திருப்பித் தரமாட்டார்களாம், சாட்சியாம். கோப்பில் யார் அனுப்பியது என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சலவைக்கடைக்காரி மகள்