பாத்திர மூடியில் ஒரு ஸ்டியரிங்

பிப்ரவரி 3

டாக்டர் கொடுத்த நோட்டு இது. "தினம் எப்படி இருந்தீங்கன்னு எழுதுங்க. மயக்கம், தலைசுத்தல், எதுவா இருந்தாலும்" என்றார். நாலு மாதமாக ஒரே வரியை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. டிப்போ கேண்டீனில் டீ கிளாஸோடு ஒரு தடவை சரிந்து விழுந்தேன். ஒரே தடவை. அதற்கு ஆறு மாதம் பஸ்ஸைத் தொடக்கூடாதாம். ஏப்ரல் 10ஆம் தேதி இந்த நோட்டோடு போய் நிற்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் 'இல்லை' இருந்தால் திரும்ப ஓட்டலாம்.

இவளுடைய தம்பி டிவி மெக்கானிக். (இவள் என்றால் என் வீட்டுக்காரி. டாக்டர் படித்தால் குழம்பக்கூடாது.) மாமாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரும் அதில் ஒரு கார் ரேஸ் விளையாட்டும் கொண்டுவந்து வைத்தான். ஜாய்ஸ்டிக்கைக் கட்டைவிரலால் தள்ளி ஓட்ட வேண்டுமாம். பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியவன் கட்டைவிரலால் ஓட்டுவதா? பல் குத்துவது மாதிரி இருக்கிறது. ஸ்டியரிங், பெடல் எல்லாம் நானே செய்யப்போகிறேன். கையும் காலும் மறந்துபோனால் ஏப்ரலில் என்ன செய்வது?

மயக்கம்: இல்லை.

பிப்ரவரி 5

வீட்டில் வட்டமாக இருப்பதையெல்லாம் பிடித்துப் பார்த்தேன். தட்டு வழுக்குகிறது. வாளியின் வாய் பெரிது. கடைசியில் பெரிய அலுமினியப் பாத்திரத்தின் மூடிதான் கைக்கு வாகாக இருந்தது. நடுவில் ஓட்டை போட்டு, மாப் குச்சியை அறுத்து அச்சாகச் செருகி, இஸ்திரி போடும் மேசையில் கட்டினேன்.

இவள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தாள். "அந்தப் பாத்திரத்தை எதால மூடுறதாம்?"

"தட்டால மூடு."

"வீட்டை எதால துடைக்கிறதாம்?"

நான் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தேன். குனிந்துதான் துடைத்தாள்.

மயக்கம்: இல்லை.

பிப்ரவரி 9

காய் நறுக்கும் பலகை இரண்டு. கதவுக் கீல் இரண்டு. பழைய சோபாவிலிருந்து பிடுங்கிய ஸ்பிரிங். ஆக்சிலேட்டர் ஒரு மாதிரி வந்துவிட்டது. பிரேக்தான் உயிரை வாங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் வைத்தால் பஞ்சை மிதிப்பது போல் போய்த் தரையில் இடிக்கிறது. பிரேக் என்றால் முதலில் கொஞ்சம் இறங்கி, பிறகு காலை எதிர்க்க வேண்டும். ரப்பர் பந்தை இரண்டாக வெட்டிக் கீழே ஒட்டினேன். பசை பந்தில் ஒட்டவில்லை, என் விரலில் ஒட்டிவிட்டது. சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மயக்கம்: இல்லை.

பிப்ரவரி 10

பிரேக் மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடுகிறது. சனியன்.

மயக்கம்: இல்லை.

பிப்ரவரி 16

நாற்காலியை பீரோவின் காலோடு கட்டியாகிவிட்டது. இன்று மச்சினன் வந்தான். ஜாய்ஸ்டிக்கைப் பிரித்து, உள்ளே ரேடியோ வால்யூம் மாதிரி இருக்கும் சின்னக் குமிழ்களை எடுத்து, ஒன்றை மாப் குச்சியிலும் மற்றவற்றைப் பெடல்களிலும் பொருத்தி, ஒயரைப் பற்றவைத்தான். ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வர சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டினோம்.

உட்கார்ந்து வலது பக்கம் திருப்பினேன். வண்டி இடது பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. அவன் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஒயரை மாற்றிப் போட்டதும் சரியானது. ஆனாலும் அந்தச் சிரிப்பு தேவையில்லை.

மயக்கம்: இல்லை.

பிப்ரவரி 20

ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் இருபது. மச்சினன் கட்டைவிரலாலேயே ஒன்று ஐம்பதில் வருகிறான். வளைவு கண்ணில் பட்டதுமே என் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. ஏதாவது சரியில்லை என்றால் கால் முதலில் பிரேக்கைத்தான் தேடும். பழக்கம் அப்படி.

"மாமா, பின்னாடி யாரும் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்கல. தைரியமா திருப்புங்க" என்றான்.

இவளும் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மயக்கம்: இல்லை.

மார்ச் 2

இரண்டு நிமிடத்துக்குள் வந்தேன். அடுத்த சுற்றிலேயே கோளாறு. பாலம் தாண்டி நீளமான நேர் ரோடு, அதன் முடிவில் வளைவு. நான் திருப்புவதற்குள் வண்டி சுவரில் முட்டி நிற்கிறது. ஸ்டியரிங் வேலையே செய்யவில்லை. மச்சினன் பற்றவைத்த லட்சணம்.

மயக்கம்: இல்லை.

மார்ச் 4

எல்லா ஒயரையும் நானே திரும்பப் பற்றவைத்தேன். நாற்பது சுற்று. ஒரு கோளாறும் இல்லை. இதைத்தான் அன்றே செய்திருக்க வேண்டும்.

மயக்கம்: இல்லை.

மார்ச் 9

மறுபடியும்! சுவரில் முட்டி நிற்கிறது, சக்கரம் சுற்றுகிறது. எப்படி அங்கே போனது என்றே தெரியவில்லை. மச்சினனை வரவழைத்துக் கத்தினேன். மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தான். "எல்லாம் நல்லா இருக்கு மாமா" என்றான்.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். போகட்டும். டியூபை மாற்றினேன். குச்சியை மாற்றினேன்.

மயக்கம்: இல்லை.

மார்ச் 15

இன்று இரண்டு தடவை. ஈரத்துணியால் துடைக்கும்போது இவள்தான் ஒயரை இழுத்திருப்பாள் என்று சொல்லிவிட்டேன்.

"மாப் குச்சியையும் பிடுங்கிக்கிட்டு, குனிஞ்சு துடைக்கிறவளையும் குத்தம் சொல்லுங்க" என்றாள். சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் என்ன மனுஷன்? சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து என் புத்தி இப்படி ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். இன்னும் இருபத்தாறு நாள்.

மயக்கம்: இல்லை.

மார்ச் 17

மறுபடி. எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

மயக்கம்: இல்லை.

மார்ச் 21

ஞாயிறு. "தள்ளுங்க, அப்படி என்னதான் கோளாறுன்னு நான் பாக்கறேன்" என்று இவள் வந்து நின்றாள். பதினோரு வருடம் முன்பு மைதானத்தில் இவளுக்குக் கார் பழக்கினேன். கிளட்சை விடத் தெரியவில்லை என்று நான் போட்ட சத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தவள், அப்புறம் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை.

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் பத்துச் சுற்று கண்ட இடத்தில் முட்டினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். மொத்தம் முப்பத்தைந்து சுற்று. பாலம் தாண்டியதும் நான் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் திரும்பியது.

"எங்கங்க கோளாறு? ஒண்ணும் வரலையே."

அதானே. எங்கே?

மயக்கம்: இல்லை.

மார்ச் 22

கோபத்தை மறந்து மச்சினன் வந்தான். ஓட்டியதையெல்லாம் விளையாட்டே பதிந்து வைக்குமாம். "எந்த இடத்துல ஒயர் விடுதுன்னு இதுலயே பாத்துடலாம் மாமா" என்று 15ஆம் தேதி ஓட்டியதைப் போட்டான். மூலையில் ஸ்டியரிங்கின் சின்னப் படம், பக்கத்தில் ஆக்சிலேட்டருக்கு ஒரு கோடு, பிரேக்குக்கு ஒரு கோடு.

பாலம். நேர் ரோடு. அதுவரை லேசாக ஆடிக்கொண்டே வந்த ஸ்டியரிங் அப்படியே நின்றுவிட்டது. வளைவு வந்தது. சுவர் வந்தது. முட்டியது. முட்டிய பிறகும் ஆக்சிலேட்டர் கோடு இறங்கவில்லை. பிரேக் கோடு எழவே இல்லை. ஒன்பது விநாடி. அப்புறம்தான் எல்லாம் அசைந்தது.

ஸ்டியரிங் செத்திருந்தால் என் கால் பிரேக்குக்குப் போயிருக்கும். போகாமல் இருக்காது.

மச்சினன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. இவள்தான் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு சாப்பிட வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. ஒயர் கோவத்துல இருக்கீங்கன்னு நினைச்சேன்."

என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது எனக்குத் தெரியாது.

மயக்கம்:

மார்ச் 25

மூன்று நாளாக இதே யோசனைதான். கிழிச்சிட்டா யாருக்குத் தெரியும்? மூணு நாலு தாள். இவ சொல்ல மாட்டா. மச்சினனும் வாயைத் திறக்க மாட்டான். இல்லாட்டி புது நோட்டு வாங்கி எல்லாப் பக்கத்துலயும் 'இல்லை'ன்னு எழுதினா முடிஞ்சது. பத்தொன்பது வருஷம் ஒருத்தர் மேலயும் இடிச்சதில்ல. எனக்கு ஏன் இப்படி?

உட்கார ஐம்பத்திரண்டு பேர். நிற்க முப்பது பேர். பள்ளிக்கூடம் விடும் நேரம் என்றால் கணக்கே இல்லை. ஒன்பது விநாடி. டிப்போவில் இருந்து கிளம்பி முதல் நிறுத்தத்துக்கு முன்னாலேயே ஒரு பள்ளிக்கூட வாசல்.

அழுதேன். எழுதிவைக்கிறேன், டாக்டர் படித்தால் படிக்கட்டும்.

பழைய பக்கங்களைத் திருப்பி மார்ச் 2, 9, 15, 17 எல்லாவற்றிலும் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினேன். 15இல் 'இரண்டு தடவை' என்றும் சேர்த்தேன்.

ஏப்ரல் 10

டாக்டர் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், அவர் பாட்டுக்குப் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கினார், ஒட்டிக்கொண்ட விரலாக இருக்கும்.

மூடிவைத்துவிட்டு, "நீங்க எழுதலைன்னா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார்.

விழாமலே சில விநாடி நினைவு தப்புவதும் அதே மயக்கம்தானாம். மாத்திரை எழுதினார். மாத்திரை கேட்டால் இது அடங்கிவிடுமாம். ஆனால் பஸ் இனி இல்லை.

வெளியே வந்ததும் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் இவள் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆகிறதோ. நிறுத்தத்தில் நின்று பஸ் பிடித்தோம். உட்கார இடம் கிடைக்கவில்லை. டிரைவர் பிரேக்கை அடித்து அடித்து மிதித்தான். தடியன்.

ஜூன் 14

டாக்டர் அந்த நோட்டைத் தானே வைத்துக்கொண்டார். இது புதுசு.

டிப்போவில் அறிவிப்பு அறையில் போட்டிருக்கிறார்கள். எந்தப் பஸ் எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லும் வேலை. என் பழைய வண்டி காலை ஆறு நாற்பதுக்கு. அதை மட்டும் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

இவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். சொல்லிக்கொடுக்க நான் வேண்டாமாம். "உங்க சத்தம் மைக்குக்குத்தான் சரி" என்கிறாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பீரோ காலில் கட்டிய நாற்காலி முன்னால் இழுத்து வேறு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறது. அடுப்பில் பாத்திரத்தை இன்னும் தட்டால்தான் மூடிவைத்திருக்கிறாள். மூடியைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும், எனக்கு இன்னும் ரிவர்ஸ் வரல."

மயக்கம்: இவளைக் கேட்டேன். இல்லையாம்.